கஸ்பாரின் அங்க அடையாளங்கள்

அக்டோபர் 14, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து ஏழாம் வகுப்புக்கு இன்று வருணனைக் கட்டுரை தொடங்கினேன். முப்பத்தொரு பேர். பள்ளிக்கூடத்துக் கைமணியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "இதைப் பற்றி ஐந்து வரி" என்றேன். இருபது பேர் 'பளபளவென்று மின்னுகிறது' என்று எழுதியிருந்தார்கள். அந்த மணி பச்சை பிடித்துக் கிடக்கிறது. "எங்கட்டி மின்னுது, வந்து காட்டு" என்று முதல் பெஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் எழுந்து வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மின்னல டீச்சர். ஆனா மணின்னா அப்பிடித்தான எழுதணும்?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

வீட்டுப்பாடம்: வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம். 'நல்லவர்', 'அன்பானவர்' என்ற இரண்டு சொற்களும் வரக் கூடாது.

திரும்பும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம். சவேரியார்துறையிலிருந்து திருச்செந்தூர் வரை நாற்பது நிமிடம். வீட்டுக்கு வந்து தோசைக்கு ஊறப்போட்டேன்.

அக்டோபர் 16, புதன்

கட்டுரைகளைத் திருத்தினேன். பாதிப் பேர் நோட்ஸிலிருந்து காப்பி. இரண்டு பேர் ஒரே அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அக்கா தங்கை கூட இல்லை.

அமலி எழுதியது மட்டும் தனியாக இருந்தது. தாய் இல்லாத பெண். பிரசவத்திலேயே போய்விட்டாளாம். அப்பா கஸ்பார் கொல்லத்தில் ஆழ்கடல் மீன்பிடி போட்டுக்குப் போகிறவர், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அதுவரை அத்தை பிலோமி வீட்டில் இருக்கிறாள். அப்பாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம். கால் விரல், பல், தழும்பு, டவுசர் கிழிசல் என்று ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறாள். கண் இருக்கிறது பிள்ளைக்கு. ஆனால் படிக்கச் சங்கடமாக இருந்தது. சில இடங்களைத் திருத்திக் கொடுக்க வேண்டும். குழந்தைகள் தினத்தை ஒட்டி ஒன்றிய அளவில் கட்டுரைப் போட்டி வருகிறது, 'என் தந்தை' என்பதுதான் தலைப்பு. இவளை அனுப்பலாம்.

அக்டோபர் 17, வியாழன்

மதிய இடைவேளையில் அமலியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்க. போட்டிக்கு அனுப்புவோம். கொஞ்சம் மாத்தணும்."

சிவப்பு மை அடித்த இடங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆனா டீச்சர், அப்பாவுக்கு அப்பிடித்தான் இருக்கும்."

"இருக்கட்டும் அமலி. நாலு பேர் முன்னாடி வாசிக்கும்போது அப்பாவுக்குக் கூச்சமா இருக்கும்ல? உங்க அப்பா கடல்ல போறவங்க. எவ்வளவு பெரிய வேலை! அந்தக் கம்பீரம் எழுத்துல வரணும்."

"கம்பீரம்னா என்ன டீச்சர்?"

சொல்லிக் கொடுத்தேன். சிரமப்பட்டுக் கேட்டுக்கொண்டாள். நான்கு வரிகள் நானே சொல்ல எழுதினாள். அழகான கையெழுத்து.

அக்டோபர் 23, புதன்

சிலிண்டர் இன்று காலியானது. தீபாவளிக்கு முன் வருமா தெரியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மகள் தாரிணி போன் பண்ணினாள், ஹாஸ்டலில் வெள்ளிக்கிழமையே விடுகிறார்களாம். வீட்டுக்காரர் மின்வாரிய ஆபீஸிலிருந்து ஏழு மணிக்குத்தான் வந்தார்.

நவம்பர் 4, திங்கள்

அமலியின் அப்பா பள்ளிக்கு வந்திருந்தார். உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்துப் போட. கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வந்தவர், இன்று மாலையே கொல்லம் கிளம்புகிறாராம்.

"பிள்ள நல்லா எழுதுதான்னு சொன்னாவ, டீச்சர்" என்றார். "எனக்கு எழுத்து வராது. அவளையாச்சும் பாத்துக்கிடுங்க."

பாத்துக்கிடுதேன் என்றேன். அந்த நேரத்தில் தலைமையாசிரியர் லூர்து சார் மாணவர் விவரப் பதிவுக்குக் கூப்பிட்டுவிட்டார். சர்வர் வேலை செய்யவில்லை. ஒரு மணி நேரம் வீண்.

நவம்பர் 14, வியாழன்

அமலிக்கு ஒன்றிய அளவில் முதல் பரிசு! காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார் லூர்து சார். மைக் இரைச்சலுக்கு நடுவிலும் நன்றாக வாசித்தாள். 'என் தந்தை கம்பீரமான தோற்றம் உடையவர். அகன்ற மார்பும் முறுக்கேறிய தோள்களும் கொண்டவர். அவர் சிரித்தால் முத்துகளைக் கோத்தாற்போல் பற்கள் ஒளிரும்...' கைதட்டு அடங்க நேரமாயிற்று. லூர்து சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பதினெட்டு வருட வேலையில் இப்படிச் சில நாட்கள்தான்.

குழந்தைகள் தினம் என்று வகுப்பறையைக் கழுவி, அலமாரியில் கிடந்த பழைய தாள்களை எல்லாம் எடைக்குப் போட்டோம். கடலை மிட்டாய் வாங்கினோம்.

நவம்பர் 18, திங்கள்

அமலி சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். அப்பாவுக்குப் போனில் கட்டுரையை வாசித்துக் காட்டினாளாம். "முழுசாக் கேட்டுட்டு, 'இது யாருட்டி? நான் இல்லயே!'ன்னாவ டீச்சர். போட்ல உள்ளவங்களும் சிரிச்சாவ."

எனக்கும் சிரிப்பு வந்தது.

நவம்பர் 29, வெள்ளி

மூன்று நாளாக மழை. இன்று பள்ளி விடுமுறை. அரபிக் கடலில் புயல் என்று செய்தியில் சொன்னார்கள். நம் பக்கம் வராதாம். துணி எதுவும் காயவில்லை, வீடெல்லாம் கொடி கட்டிப் போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 2, திங்கள்

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்தது. கோயில் முன்னால் பெண்கள் கூட்டம். கொல்லத்திலிருந்து போன ஒரு போட்டிலிருந்து தகவலே இல்லை. பதினொரு பேர். அதில் மூன்று பேர் சவேரியார்துறை: லிட்வின், ரெக்ஸன், கஸ்பார்.

அமலி வகுப்புக்கு வரவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

தகவல் இல்லை. அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் எண்ணிக்கை அனுப்பச் சொல்லி மூன்று போன்.

டிசம்பர் 5, வியாழன்

பிலோமி வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தல் போடவில்லை. போடக் கூடாது என்று பிலோமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். "எங்க அண்ணன் வருவாவ. பந்தலு எதுக்கு?"

அமலி உள்ளே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். கடைசியாக இருபத்தேழாம் தேதி சாயங்காலம் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று கேட்டேன். "சாப்ட்டியான்னு கேட்டாவ" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. சாப்பிடவும் இல்லை என்றாள் பிலோமி.

டிசம்பர் 7, சனி

போட்டின் பலகைகள் கிடைத்திருக்கின்றன. கேரளக் கரையில் வேறு வேறு இடங்களில் உடல்கள் ஒதுங்கியிருக்கின்றன, பல போட்டுகளைச் சேர்ந்தவர்கள். முகம் பார்த்து அடையாளம் சொல்லும் நிலையில் இல்லையாம். டி.வி.யை அணைத்துவிட்டார் அவர். நான் மறுபடி போட்டேன்.

டிசம்பர் 9, திங்கள்

இன்று நடந்ததை எழுத வேண்டும்.

மீன்வளத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில்தான் உட்கார்ந்தார்கள். மூன்று குடும்பத்தையும் வரவழைத்து, கூட வந்த நர்ஸை வைத்து டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். அதன் முடிவு வர நாளாகும். அதற்கு முன்னால் எந்த உடல் எந்த ஊர்க்காரருடையதாக இருக்கலாம் என்று பிரித்தாக வேண்டும், அதற்கு அங்க அடையாளம் வேண்டும் என்றார் பெரிய அதிகாரி. பொறுமையான மனிதர். அடையாளம் தெரியாத உடல்களைப் பதினாறாம் தேதிக்கு மேல் வைத்திருக்க முடியாது, அங்கேயே அடக்கம் செய்துவிடுவார்கள் என்பதையும் மெதுவாகச் சொன்னார்.

பிலோமியிடம் கேட்டார். "அண்ணன் மாநிறம். எங்க அப்பா மாதிரியே இருப்பாவ" என்றாள். பிறகு, "நெத்தியில சின்ன வயசுல விழுந்த காயம்..." என்று ஆரம்பித்து, எந்தப் பக்கம் என்று தெரியாமல் அழுதாள். அவளைக் கட்டிக்கொடுத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. அண்ணனைச் சட்டை போட்டுத்தான் பார்த்திருக்கிறாள்.

அதிகாரி அமலியைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. அப்பா எப்படி இருப்பாங்க?"

அமலி எழுந்து நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். வகுப்பில் பதில் சொல்வது போலவே.

"என் தந்தை கம்பீரமான தோற்றம் உடையவர். அகன்ற மார்பும் முறுக்கேறிய தோள்களும் கொண்டவர். அவர் சிரித்தால் முத்துகளைக் கோத்தாற்போல் பற்கள் ஒளிரும். அலைகளும் அஞ்சும் வீரம் அவர் கண்களில் குடிகொண்டிருக்கும்."

ஒரு சொல் மாறவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். எதுவும் எழுதவில்லை. "சரிம்மா, உட்காரு" என்றார். அவள் உட்காராமல் என்னைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

தலைவலி. லீவு போட்டேன்.

டிசம்பர் 10, மாலை

தலைவலி இல்லை.

அலமாரித் தாள்களில் அவள் முதலில் எழுதிய கட்டுரையும் இருந்தது. குழந்தைகள் தினத்தன்று எடைக்குப் போனதில் அதுவும் போய்விட்டது. காலையில் இருந்து அதில் என்ன இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். அன்றைக்கு இந்த நோட்டில் எழுதியதைப் புரட்டினேன். 'கால் விரல், பல், தழும்பு, டவுசர் கிழிசல் என்று ஒன்று விடாமல்.' அவ்வளவுதான். எந்தக் கால்? எந்தப் பல்? அவள் எல்லாம் எழுதியிருந்தாள். நான்தான் வரி வரியாக அடித்தேன். ஓரத்தில் 'பெரியவர்களின் குறைகளை எழுதலாமா?' என்று கூட எழுதியிருந்தேன். அந்த வரி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

நவம்பர் நான்காம் தேதி அந்த மனிதர் என் மேசைக்கு முன்னால் நின்று பேசினார். ஐந்து நிமிடமாவது இருக்கும். என்ன சட்டை போட்டிருந்தார் என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "தாள்தான போச்சு? பிள்ளைக்குத் தெரியும்ல? போய்க் கேளு" என்றார்.

"அவகிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்க?"

"இருக்கிற மூஞ்சிய வச்சிக்கிட்டுத்தான்."

பிறகு தாரிணிக்குப் போன் பண்ணினேன். அவள் முதுகில் ஒரு மச்சம் உண்டு, இடமா வலமா என்று கேட்டேன். "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்றாள். இடது என்றாள். நான் வலது என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 11, புதன்

முதல் பஸ்ஸில் போனேன். பள்ளிக்குப் போகாமல் நேராகப் பிலோமி வீடு. அமலி கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிமென்ட் மேடையில் உட்கார்ந்தேன்.

"அமலி, நீ முதல்ல ஒரு கட்டுரை எழுதுன. நான் அதை அடிச்சேன்ல?"

"ஆமா டீச்சர்."

"நான் அடிச்சது தப்பு."

அவள் கையை நிறுத்தவில்லை. சபீனா நுரையோடு தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அதுல எழுதுனதெல்லாம் இப்பச் சொல்லுதியா?"

"அதச் சொன்னா அப்பாவுக்குக் கூச்சமா இருக்கும்னு சொன்னீங்க."

பிலோமி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. என்ன சொல்வாளோ என்று பயந்தேன். அவள் அமலிக்குப் பக்கத்தில் வந்து குந்தி, கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

"சொல்லு மக்ளே. அப்பா ஒண்ணும் நினைக்க மாட்டாவ."

அமலி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். நான் எழுதினேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன், இனி இது தொலையக் கூடாது.

இடது காலில் இரண்டாவது விரல் மூன்றாவது விரல்மேல் ஏறி நிற்கும். மழை நேரத்தில் இரண்டுக்கும் நடுவில் புண் வரும், அமலிதான் எண்ணெய் போடுவாள்.

மேல் வரிசையில் வலப்பக்கக் கோரைப்பல் பாதிதான் உண்டு. சோடா மூடியைப் பல்லால் திறந்தபோது உடைந்தது. சிரிக்கும்போது நாக்கால் அதை மறைத்துக்கொள்வார்.

வலது முழங்கைக்குக் கீழே தூண்டில் முள் இழுத்த தழும்பு. "'ட' எழுத்து மாதிரி இருக்கும் டீச்சர். நான் ஒண்ணாம் வகுப்புல அதப் பாத்துத்தான் 'ட' படிச்சேன்."

அரைஞாண் கயிறு கறுப்பு. அதில் இரண்டு ஊக்கு. முள் குத்தினால் எடுக்க.

காக்கி அரை டவுசர். வலது பை கிழிந்து, பச்சை நூலால் தைத்தது. "வேற நூலு இல்ல. நான்தான் தச்சேன். கோணல் மாணலா இருக்கும். எட்டுத் தையல்."

"எட்டுத்தானா? எண்ணுனியா?" என்று கேட்டேன்.

"நான் தச்சதுல்லா" என்றாள்.

முக்கால் மணி நேரம் சொன்னாள். தூங்கும்போது ஒரு கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொள்வது, டீயை ஆற்றாமல் குடிப்பது, ஊருக்கு வந்தால் போட்டின் ஆட்டம் விடாமல் முதல் நாள் முழுக்க நடக்கும்போது தள்ளாடுவது. அதெல்லாம் படிவத்துக்கு வேண்டாம். ஆனாலும் எழுதிக்கொண்டேன். நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவளும் நிறுத்தவில்லை.

பதினோரு மணிக்கு அதிகாரிக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். "இடது கால், இரண்டாவது விரல்..." அவர் திருப்பித் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். கடைசியில், "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும் டீச்சர்" என்றார். ஆமாம் சார் என்றேன்.

டிசம்பர் 12, வியாழன்

அரையாண்டுத் தேர்வு இன்று தொடக்கம். முதல் தேர்வு தமிழ். அமலி தேர்வு எழுத வந்தாள். முப்பத்தொரு பேரும் இருந்தார்கள். கட்டுரைக் கேள்விக்கு அமலி பதில் எழுதவில்லை. ஒரு பக்கம் அப்படியே காலி.

டிசம்பர் 13, வெள்ளி

போன் வரவில்லை. வரக் கூடாது என்றும் இருக்கிறது, வர வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டில் எது வேண்டும் என்று என்னிடம் யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

டிசம்பர் 14, சனி

காலை ஒன்பதரைக்கு அதிகாரி கூப்பிட்டார். ஐந்தாம் தேதியிலிருந்து ஒரு பிணவறையில் எண் மட்டும் போட்டு வைத்திருந்த உடல். கால் விரல் பொருந்துகிறது. பல் பொருந்துகிறது. தழும்பு சரியாகத் தெரியவில்லை. டவுசரின் வலது பை பச்சை நூலால் தைத்திருக்கிறது. அந்த ஊழியர் எண்ணிப் பார்த்துச் சொன்னாராம், எட்டு.

ரத்தப் பரிசோதனையை அந்த ஒரு உடலோடு முதலில் ஒப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.

நான்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்றார் லூர்து சார். போனேன். பிலோமி நான் வாய் திறப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டு மார்பில் அடித்துக்கொண்டாள். அமலி கேட்டாள், "எட்டும் இருந்துச்சா டீச்சர்? பிரியலையா?"

"பிரியல" என்றேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. கஸ்பார்தான். பிலோமியின் கணவரும் பங்குக் கோயிலிலிருந்து இரண்டு பேரும் உடலை வாங்கிவரப் போயிருக்கிறார்கள்.

டிசம்பர் 19, வியாழன்

அடக்கம். பெட்டியைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று அங்கேயே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஊரே வந்திருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சீருடையில் வரிசையாக நின்றார்கள். எங்கேயும் ஒரு சத்தம் இல்லை, பிலோமியின் ஒப்பாரியைத் தவிர.

அமலி பெட்டியின் கால் பக்கம் போய் நின்றாள். எல்லோரும் தலைமாட்டில் நிற்க, அவள் மட்டும் அங்கே. இடது பக்கம் எது என்று பிலோமியின் கணவரிடம் கேட்டாள். அவர் காட்டினார். அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், தூக்கும் வரைக்கும். அழவில்லை.

நான் பின்னால் நின்றேன். முன்னால் போக எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். சவேரியார்துறையில் இந்த வருடம் நட்சத்திரம் கட்டவில்லை என்று கேள்வி. தாரிணி வந்திருக்கிறாள். குளித்துவிட்டு வந்து, "மச்சத்தைப் பார்த்துக்கோம்மா" என்று கேலியாக முதுகைக் காட்டினாள். நான் அழுததும் பயந்துவிட்டாள்.

டிசம்பர் 28, சனி

லிட்வினின் மனைவி மெர்சி என்னைத் தேடித் திருச்செந்தூருக்கே வந்துவிட்டாள். கைக்குழந்தையோடு.

"கஸ்பாரண்ணனுக்கு எழுதுன மாதிரி எங்க வீட்டுக்காரருக்கும் எழுதித் தாங்க டீச்சர்."

"அன்னைக்கு ஆபீசர்கிட்ட எல்லாம் சரியாச் சொன்னியே மெர்சி? இடுப்பு மச்சம், ஆபரேஷன் தழும்பு..."

"சொன்னேன். பத்தலையோ என்னமோ. அதான் கிடைக்கல."

கிடைக்காததற்கு அது காரணம் இல்லை என்று எப்படிச் சொல்வது? பாய் விரித்து உட்காரவைத்தேன். குழந்தையைத் தாரிணி வாங்கிக்கொண்டாள். மெர்சி சொல்லச் சொல்ல ஆறு பக்கம் எழுதினேன். நடுவில் ஒரு இடத்தில், அவன் மூக்கைச் சிந்தும் விதத்தைச் செய்து காட்டிச் சிரித்துவிட்டாள். சிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு நகல் அதிகாரிக்கு அனுப்பினேன். ஒன்றை அவளிடம் கொடுத்தேன். அவள் அதை நான்காக மடித்துக் குழந்தையின் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள். லிட்வினும் கிடைக்கவில்லை, ரெக்ஸனும் கிடைக்கவில்லை. கிடைப்பார்கள் என்று இனி யாரும் சொல்வதில்லை.

ஜனவரி 6, திங்கள்

பள்ளி திறந்தது. அமலி வந்தாள். தேர்வுத் தாள்களைக் கொடுத்தேன். நூற்றுக்கு எழுபத்தொன்று. அந்தக் காலிப் பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை, பூஜ்யமும் போடவில்லை. கூட்டலில் அந்தப் பதினைந்து மதிப்பெண்ணைச் சேர்க்காமல் எண்பத்தைந்துக்குப் போட்டு நூறாக்கினேன். விதிப்படி தவறு. லூர்து சார் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மூன்றாம் பாடவேளையில் வகுப்பு முன்னால் நின்று, போட்டிக் கட்டுரையில் பரிசு வாங்கிய வரிகளை எழுதியது நான், அமலி முதலில் எழுதியதுதான் நல்ல கட்டுரை, அதை அடித்தது என் தவறு என்று சொன்னேன். பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒருவன் பெஞ்சைச் சுரண்டினான். அமலி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதால் எனக்குப் பாரம் குறையவில்லை.

ஜனவரி 18, சனி

முப்பதாம் நாள் பூசை. முடிந்ததும் பிலோமி கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சிமென்ட் பூசிச் சிலுவை வைத்திருக்கிறார்கள். கல்லில் எழுதுகிறவர் சாக்பீஸால் முதலில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். பெயர் வரைந்துவிட்டார். பிறந்த தேதியும் ஆயிற்று.

"இறந்த தேதி சொல்லுங்க" என்றார்.

பிலோமி, "இருபத்தொம்பது, நவம்பர். புயலு அன்னைக்குத்தான" என்றாள். அவள் கணவர் கையிலிருந்த சான்றிதழைப் பிரித்தார். "இதுல அஞ்சு டிசம்பர்னுல்லா போட்டிருக்கான்." அது கண்டெடுத்த தேதி என்றாள் பிலோமி. முப்பதாம் தேதி வரைக்கும் கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்கள் உண்டு என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், படித்தவள் என்று.

"எனக்குத் தெரியாது" என்றேன். "அமலியக் கேளுங்க."

அமலி கல்லறைப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தாள். யோசித்தாள். ஒரு விரலை மடக்கி, இன்னொன்றை மடக்கி, நாட்களை எண்ணுகிறாள் என்று புரிந்தது. இருபத்தேழாம் தேதி அழைப்பு வந்ததிலிருந்து எண்ணுகிறாள் போலும். ஓர் இடத்தில் விரல்கள் நின்றுவிட்டன.

"அந்தத் தேதி போடாண்டாம்" என்றாள்.

"அப்பிடி விட முடியாதும்மா" என்றார் கல்லெழுதுகிறவர். "பாதிக் கல்லு காலியாக் கிடக்கும்."

"கிடக்கட்டும். அப்பா எப்பச் செத்தாவன்னு நம்ம யாருக்கும் தெரியாதுல்லா. எத்தன நாளு தண்ணியில கிடந்து என்னக் கூப்பிட்டாவளோ."

அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. டிசம்பர் முழுக்க அழாத பிள்ளை. பிலோமி ஓடிவந்து அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள், கைக்குழந்தையைப் போல. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கால்கள் மணலில் நீண்டு கிடந்தன. அவள் அழுத அழுகையைக் கேட்டு, தூரத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. நானும்தான்.

கல்லெழுதுகிறவர் குந்தி உட்கார்ந்து, 'இறப்பு' என்று ஏற்கெனவே வரைந்திருந்ததை உள்ளங்கையால் துடைத்தார். அந்த இடத்தில் ஈரத்துணி போட்டு இன்னொரு தடவை துடைத்தார்.